பன்னிரண்டு இலக்கத்தை வாசிப்போம்
(அடையாள அட்டை எண்ணும் தேயிலைப் பக்கற் எண்ணும் சொல்லும் கணக்கு)



கணக்கு என்றதும் "அது படிச்சவங்க சமாச்சாரம்" என்று பலர் பக்கத்தைப் புரட்டி விடுவீர்கள். இந்த முறை தயவுசெய்து புரட்ட வேண்டாம். பெரிய எண் ஒன்றில் இரண்டு இலக்கம் இடம் மாறியதால் நம் பெண் ஒருவர் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்கு வரப் போகிறேன்.

2012ஆம் ஆண்டு. எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுத்த ஓர் அக்கா 50 வயது முடிந்து வேலையிலிருந்து நின்றார். ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுத்துத்தான் மகள் கல்யாணக் கடனை அடைக்க வேண்டும். படிவம் அனுப்பினோம். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. "விபரம் பொருந்தவில்லை" என்று ஒரு வரிதான் எழுதியிருந்தது. அக்கா ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டில் இரவு தங்கி, மறுநாள் அலுவலகம் போய் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்தவர் படிவத்தைக் காட்டி, "இந்த நம்பர்படி இவங்க ஜூன் 1ஆம் திகதி பிறந்தவங்க. பேர்ப் பதிவில மே 14 இருக்கு. எது சரி?" என்று கேட்டார். அக்கா பாவம், "ஐயா, நான் மே மாசம் பொறந்தவ. எங்க ஆத்தா அப்பிடித்தான் சொல்லும்" என்றார். அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் 62635 என்று தொடங்கியது. படிவத்தில் 62653 என்று இருந்தது. மூன்றும் ஐந்தும் இடம் மாறி விட்டன. அந்தப் படிவத்தை நிரப்பினவன் வேறு யாருமில்லை, நான்தான்.

அன்று எனக்கு வந்த வெட்கத்தில்தான் இந்தக் கணக்கைப் படித்தேன். அதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

1. இவ்வளவு பெரிய எண் எதற்கு?

முன்பு நமது அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 ஜனவரி முதல் 12 இலக்கமாக மாற்றினார்கள். அதில் எழுத்து இல்லை. 2005ஆம் ஆண்டு பிறந்த பிள்ளையின் எண்ணை ஒரே எண்ணாக வாசித்தால் 20 ஆயிரம் கோடிக்கு மேலே போகும். நம் நாட்டுச் சனத்தொகையோ 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 2 கோடி 17 இலட்சம். அதற்கு 8 இலக்கம் போதுமே! ஏன் 12?

காரணம் இரண்டு. முதலாவது, இந்த எண் பொருளை எண்ணுவதற்காக வந்த எண் இல்லை. ஆளைப் பற்றிச் சொல்வதற்காக வந்த எண். அதனால் விபரம் வைக்க இடம் வேண்டும். இரண்டாவது காரணம்தான் முக்கியம். எண்ணில் காலி இடம் அதிகமாக இருந்தால் பிழை சீக்கிரம் தெரியும். லயத்தில் எல்லா அறையிலும் ஆள் இருந்தால், யார் எந்த அறைக்குத் தவறிப் போனாலும் அங்கே ஒரு குடும்பம் இருக்கும். பாதி அறை காலியாக இருந்தால், தவறிப் போனவர் பூட்டின கதவில் முட்டி நின்று விடுவார். "ஓ, இது நம்ம அறை இல்லை" என்று உடனே புரியும். பெரிய எண்ணில் வேண்டுமென்றே பூட்டின கதவுகளை வைத்திருக்கிறார்கள்.

2. எண்ணை நான்கு துண்டாகப் பிரியுங்கள்

12 இலக்கத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கக் கூடாது. 4, 3, 4, 1 என்று பிரிக்க வேண்டும்.

முதல் 4 இலக்கம்: பிறந்த ஆண்டு.
அடுத்த 3 இலக்கம்: அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும்.
அடுத்த 4 இலக்கம்: வரிசை எண்.
கடைசி 1 இலக்கம்: சோதனை இலக்கம். இதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நாள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய பட்டியல் போதும். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். பிறந்த மாதத்துக்கு நேரே இருக்கும் எண்ணோடு பிறந்த திகதியைக் கூட்டினால் நாள் எண் வரும்.

ஜனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 60, ஏப்ரல் 91
மே 121, ஜூன் 152, ஜூலை 182, ஓகஸ்ட் 213
செப்டெம்பர் 244, ஒக்டோபர் 274, நவம்பர் 305, டிசெம்பர் 335

நம் அக்காவின் திகதியைப் பார்ப்போம். மே 14. மே மாதத்துக்கு 121, அதோடு 14 கூட்டினால் 135. பெண் என்பதால் 500 கூட்ட 635. அட்டையில் இருந்தது அதுதான். நான் எழுதிய 653ஐத் திருப்பிப் பாருங்கள். 500ஐக் கழித்தால் 153. ஜூன் மாதத்துக்கு 152, மிச்சம் 1. ஜூன் 1! அலுவலகத்துக்காரர் சொன்னது சரிதான். நான் இரண்டு நிமிடம் ஒதுக்கி இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால் அக்காவுக்கு அந்த அலைச்சலும் செலவும் வந்திருக்காது.

3. பெப்ரவரியில் ஒரு சூட்சுமம்

பட்டியலில் மார்ச் மாதத்துக்கு 60 போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? ஜனவரி 31, பெப்ரவரி 28 என்றால் 59தானே வர வேண்டும்? அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே வைத்திருக்கிறார்கள். லீப் வருடம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஆகவே மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆம் நாள். சாதாரண வருடக் கலண்டரில் எண்ணினால் 60தான் வரும்.

இது தெரியாமல் "என்னுடைய அட்டையில் ஒரு நாள் கூடுதலாக இருக்கு, பிழையா அடிச்சிட்டாங்க" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மார்ச் முதல் டிசெம்பர் வரை பிறந்தவர்கள் கலண்டரில் எண்ணிப் பார்த்து ஒன்று வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம். அது பிழை இல்லை.

4. பூட்டின கதவுகள்

நாள் எண்ணுக்கு மூன்று இலக்கம். 000 முதல் 999 வரை 1000 எண்கள் உண்டு. அவற்றில் ஆணுக்கு 1 முதல் 366 வரை, பெண்ணுக்கு 501 முதல் 866 வரை. ஆக 366 + 366 = 732 எண்கள்தான் நடைமுறையில் வரலாம். மிச்சம் 268 எண்கள் பூட்டின கதவுகள். உங்கள் நாள் எண் 400 என்றோ 900 என்றோ எங்கேயாவது எழுதியிருந்தால், யாரையும் கேட்காமலே "இது பிழை" என்று சொல்லி விடலாம். ஆணின் எண்ணில் 501க்கு மேல் இருந்தாலும், பெண்ணின் எண்ணில் 366க்குள் இருந்தாலும் அதுவும் பிழைதான்.

5. பழைய எண் புதிய எண் ஆகும் விதம்

பழைய 9 இலக்க எண்ணில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். 62 என்றால் 1962. ஆனால் 2000ஆம் ஆண்டு பிறந்த பிள்ளைக்கு 00 என்று போட்டால், அது 1900ஆ 2000ஆ? அந்தப் பிள்ளைகள் அட்டை எடுக்கிற வயதுக்கு வந்தபோதுதான் ஆண்டுக்கு நான்கு இலக்கம் தேவைப்பட்டது.

பழைய எண்ணைப் புதிய வடிவத்தில் எழுதச் சொல்லிக் கேட்டால் இப்படிச் செய்யுங்கள். முன்னால் 19 போடுங்கள். பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்தை எழுதுங்கள். பிறகு ஒரு 0 போடுங்கள். மிச்சம் நான்கு இலக்கத்தையும் அப்படியே எழுதுங்கள். கடைசி ஆங்கில எழுத்தை விட்டு விடுங்கள். 2 + 5 + 1 + 4 = 12. சரியாக வரும். நடுவில் வரும் அந்த 0வை மறந்து விட்டால் 11 இலக்கம்தான் இருக்கும். முன்னால் போட வேண்டிய 0வைக் கடைசியில் போட்டு நிரப்பி விடுகிறவர்களும் உண்டு. அது முற்றிலும் வேறு எண்.

6. தேயிலைப் பக்கற் சொல்லிக் கொடுத்த பாடம்

இனிச் சோதனை இலக்கத்துக்கு வருவோம். இதை நான் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை, வெள்ளவத்தையில். அன்று அலுவலகத்து வேலை முடிந்ததும் அக்காவின் மகனைப் பார்க்க காலி வீதிக்குப் போனோம். பலசரக்குக் கடை ஒன்றில் பில் போடும் இடத்தில் வேலை செய்கிறான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படிக் கடைகளில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒருவர் தேயிலைப் பக்கற் ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் கோட்டு அடையாளம் கசங்கிப் போயிருந்ததால் மெசின் வாசிக்கவில்லை. பையன் கீழே இருந்த எண்ணைக் கையால் அடித்தான். மெசின் "கீ" என்று கத்தி, ஏற்க மாட்டேன் என்றது. மறுபடி அடித்தான், ஏற்றுக் கொண்டது. "ஒரு நம்பர் மாறி அடிச்சிட்டேன் சேர். இதுக்கு அது தெரிஞ்சிரும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதினேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

அந்தப் பக்கற்றில் இருப்பது 13 இலக்க எண். இந்தக் கோட்டு அடையாளத்தை 1974 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊர்க் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பக்கற்றை வைத்து முதன்முதலில் வாசித்தார்கள். இலங்கையில் பதிவான எண்கள் 479 என்று தொடங்கும். உங்கள் வீட்டில் இருக்கும் தேயிலை, பிஸ்கட், சவர்க்காரப் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். 479 என்பது எண் பதிவான நாட்டைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு எங்கே விளைந்தது என்று சொல்லாது.

பயிற்சிக்காக நானே அமைத்த எண் இது: 4791123456787. நம் முறைப்படி வாசித்தால் நான்கு இலட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு இலட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தேழு. மூச்சு முட்டுகிறதா? ஆனால் இதைச் சோதிப்பது சுலபம்.

கடைசி 7ஐ ஒதுக்கி வையுங்கள். மிச்சம் 12 இலக்கம். இடப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்.
1, 3, 5, 7, 9, 11ஆம் இடத்து இலக்கங்கள்: 4 + 9 + 1 + 3 + 5 + 7 = 29.
2, 4, 6, 8, 10, 12ஆம் இடத்து இலக்கங்கள்: 7 + 1 + 2 + 4 + 6 + 8 = 28. இதை மூன்றால் பெருக்க 84.
இரண்டையும் கூட்ட 29 + 84 = 113.
113ஐ அடுத்த பத்தின் மடங்காகிய 120 ஆக்க இன்னும் 7 வேண்டும். அந்த 7தான் கடைசி இலக்கம்!

அதாவது எல்லாம் சரியாக இருந்தால் மொத்தம் பத்தின் மடங்காக, 0வில் முடியும். எட்டாம் இடத்து 4ஐ 7 என்று தவறாக அடித்தால் என்ன ஆகும்? 3 கூடுகிறது. அந்த இடத்தை மூன்றால் பெருக்குவதால் 9 கூடும். 120 என்பது 129 ஆகிவிடும். 0வில் முடியவில்லை. மெசின் கத்தும்.

7. ஏன் மூன்றால் பெருக்க வேண்டும்?

பிள்ளைகளே, இது உங்களுக்கான பகுதி. ஓர் இலக்கம் பிழைத்தால் வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 3, 6, 9, 12, 15, 18, 21, 24, 27. ஒன்றாவது 0வில் முடிகிறதா? இல்லை. ஆகவே ஓர் இலக்கம் மட்டும் பிழைத்தால் அது எந்த இடமானாலும் கட்டாயம் பிடிபடும்.

மூன்றுக்குப் பதில் இரண்டை வைத்திருந்தால்? 2 × 5 = 10. வித்தியாசம் 5 என்றால் பிழை தப்பிப் போகும். ஐந்தை வைத்திருந்தால்? 5 × 2, 5 × 4, 5 × 6, 5 × 8 எல்லாம் 0வில் முடியும். அதைவிட மோசம். இரண்டும் ஐந்தும் பத்தைப் பங்கு போடுகிற எண்கள். மூன்று பத்தைப் பங்கு போடாது. அதனால்தான் அது நல்ல காவல்காரன்.

பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால், அதாவது நான் செய்த பிழையைச் செய்தால், என்ன ஆகும்? அப்போது மொத்தம் மாறுவது இரண்டு இலக்கத்தின் வித்தியாசத்தைப் போல் இரண்டு மடங்கு. 3உம் 5உம் மாறினால் வித்தியாசம் 2, மொத்தத்தில் 4 மாறும். பிடிபடும். ஆனால் 1உம் 6உம், அல்லது 2உம் 7உம் மாறினால் வித்தியாசம் 5. மொத்தத்தில் 10 மாறும், திரும்பவும் 0விலேயே முடியும். அது தப்பிப் போகும். ஆகவே எந்தக் காவலும் முழுக் காவல் இல்லை. மனுசக் கண்ணும் வேண்டும்.

நமது அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் இதே போன்ற சோதனை இலக்கம்தான். பழைய எண்ணில் ஆங்கில எழுத்துக்கு முன்னால் இருக்கும் ஒன்பதாவது இலக்கம் அது. கணக்குப் போடும் முறை வேறு, நோக்கம் ஒன்றுதான். ஆனால் காகிதப் படிவத்துக்கு "கீ" என்று கத்தத் தெரியாது. அங்கே நாம்தான் மெசின்.

8. நமக்கு ஏன் இது பெரிய விசயம்?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம் முன்னோரில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். அந்தக் குறை முழுவதும் தீருவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நம் பிள்ளைகள் நிம்மதியாக நடமாட ஏலாது. பேர் இருந்தும் எண் இல்லாமல் இருந்த சனம் நாம். இப்போது எண் கையில் இருக்கிறது. அதை எழுத்துப் பிழைக்குப் பலி கொடுக்கலாமா? ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, வங்கிப் புத்தகம், கடவுச்சீட்டு எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை இவைதான்:

அட்டை கைக்கு வந்த அன்றே நாள் எண்ணைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் தோட்ட அலுவலகத்தில் சொல்லி, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வேலையை விட்டு நிற்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

செக்ரோலிலும் சேமலாப நிதிப் பதிவிலும் உங்கள் எண் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

படிவம் நிரப்பும்போது ஒருவர் 4, 3, 4, 1 என்று பிரித்து வாசிக்க, மற்றவர் எழுதட்டும். பிறகு எழுதியவர் திருப்பி வாசிக்க, முதலாமவர் அட்டையைப் பார்த்துச் சரி சொல்லட்டும். வரிசை எண்ணில் வரும் பிழையை நாள் கணக்கு காட்டாது. இந்தத் திருப்பி வாசிப்புத்தான் காட்டும்.

அடையாள அட்டை எண்ணைக் கண்டவருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அதை வைத்து உங்கள் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்து விடும் என்பதை இப்போது நீங்களே படித்து விட்டீர்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் யாருடைய முழு எண்ணையும் நான் போடவில்லை.

அக்காவின் பணம் கடைசியில் வந்தது. மூன்றாம் பயணத்துக்குப் பிறகு. "விடுங்கய்யா, கை தவறுறது சகஜம்" என்று அவர் சொன்னார். ஆனால் அந்த மாதங்களில் அவர் கட்டிய வட்டியை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் நிரப்பும் எந்தப் படிவமும் இந்தப் பட்டியலை வைத்துப் பார்க்காமல் என் மேசையை விட்டுப் போவதில்லை.

பயிற்சி

1. 1974 ஒக்டோபர் 9ஆம் திகதி பிறந்த பெண்ணின் புதிய எண்ணில் முதல் 7 இலக்கம் என்ன?
2. 2009 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பையனின் முதல் 7 இலக்கம் என்ன?
3. ஒருவரின் நாள் எண் 432 என்று எழுதியிருக்கிறது. சரியா?
4. பக்கற் எண்ணின் முதல் 12 இலக்கம் 479200000015. கடைசி இலக்கம் என்ன?

விடைகள்: 1) 274 + 9 = 283, அதோடு 500 கூட்ட 783. ஆகவே 1974783. 2) 60 + 1 = 61. மூன்று இலக்கமாக 061 என்று எழுத வேண்டும். ஆகவே 2009061. 3) பிழை. 366க்கும் 501க்கும் இடையில் எண்ணே இல்லை. 4) 14 + 42 = 56. 60 ஆக 4 வேண்டும். விடை 4.

வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாத்தா பாட்டி அட்டையிலிருந்து தொடங்கி எல்லாருடைய எண்ணையும் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பிரட்டுக் களத்திலோ பிள்ளை மடுவத்திலோ என்னைப் பிடித்துக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். பிழை விட்டுப் படித்தவன்தான் நானும்.